திரும்பிப் பார்க்காத அண்ணாச்சி

அவர் முகத்தைவிட முதுகுதான் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அகலமான முதுகு. எப்போதும் வெள்ளைச் சட்டைதான். தோள்பட்டைகளுக்கு நடுவில் வியர்வை திட்டாக நனைந்திருக்கும். தூத்துக்குடி பஜாரில் அந்த முதுகுக்குப் பின்னால் நடக்காத வெளிநாட்டுக் கப்பல்காரன் குறைவு. நடந்தவர்களில் பாதிப் பேர் நடுவழியில் தொலைந்துபோனார்கள் என்பது வேறு விஷயம்.

துறைமுகத்துக்கு வரும் கப்பல்களில் வேலை பார்ப்பவர்களுக்குச் சில மணி நேரம் ஊருக்குள் போய்வர அனுமதிச் சீட்டு கொடுப்பார்கள். அதை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, ஆட்டோக்காரர்களின் கூச்சலுக்கு நடுவே திருதிருவென்று முழித்துக்கொண்டு நிற்கிறவர்களை அண்ணாச்சி பஜாருக்குக் கூட்டிவருவார். சோப்பு, செருப்பு, சட்டை, மூட்டுவலித் தைலம் என்று எது கேட்டாலும் கடை காட்டுவார். முன்னால் நடப்பார். பேசிக்கொண்டே நடப்பார். தலையைத் திருப்ப மட்டும் மாட்டார்.

நான் அப்போது பஜார் முக்கில் இருந்த ஒரு செல்போன் கடையில் வேலை பார்த்தேன். காலையில் சாயர்புரத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்தால் இருட்டிய பிறகுதான் வீடு. சிம் கார்டு விற்பது, ரீசார்ஜ் போடுவது, இவர் தொலைத்துவிட்டுப் போகும் ஆட்களை நிறுத்தி வைப்பது, இவ்வளவும் என் வேலை. கடைசி வேலைக்குச் சம்பளம் கிடையாது.

"அண்ணாச்சி, உங்க ஆளு இங்கன நிக்காரு!" என்று நான் தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவேன். அவர் நிற்பார். அப்போதும் திரும்ப மாட்டார். அந்த ஆள் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டதும் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்வார்.

ஒரு தடவை முந்திரிப் பருப்பில் செய்கிற மக்ரூன் வாங்கி, கப்பல்காரன் தின்று பார்க்கட்டும் என்று கையைப் பின்னால் நீட்டியிருக்கிறார். அவன் மூன்று கடை தள்ளிக் கைக்கடிகாரம் பேரம் பேசிக்கொண்டிருந்தான். பின்னால் வந்த ஆடு அதைத் தின்றுவிட்டது. இவர் "குட்? குட்?" என்று கேட்டுவிட்டு இரண்டாவதையும் நீட்டினார். அதையும் ஆடுதான் தின்றது. கடைக்காரர் சிரித்துச் சிரித்துப் புரையேறி உட்கார்ந்துவிட்டார். அண்ணாச்சிக்குக் கொஞ்சமும் வெட்கமில்லை. "அதுக்கும் பிடிச்சுதுல்லா" என்றார்.

ஏன் இப்படி என்று நான் கேட்காத நாளில்லை.

"தரகன்தாம்ளா திரும்பித் திரும்பிப் பாப்பான். ஆளு வாரானா, நழுவிட்டானான்னு அவனுக்குப் பயம். நான் என்ன மாட்டையா ஓட்டிட்டுப் போறேன்? பிடிச்சா வருவான். வரலைன்னா அங்கன அவனுக்கு என்னமோ பிடிச்சிருக்கு. நிக்கட்டும்."

இது கிறுக்குத்தனம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறேன். பொம்பளைப் பிள்ளைக்கு ஆகாத அளவுக்கு எனக்கு வாய் நீளம். ஆனால் அவர் தரகர் இல்லைதான். எந்தக் கடையிலும் கமிஷன் வாங்கியதில்லை, கப்பல்காரர்கள் பிரியப்பட்டுக் கொடுப்பதுதான் வரும்படி. முத்து கேட்டு வருகிறவர்களிடம்கூட உள்ளதைச் சொல்லிவிடுவார். "நான் பொறந்ததுல இருந்து இந்தக் கடல்ல எவனும் முத்துக் குளிச்சுப் பாத்ததில்ல. கடல் இங்கன இருக்கு, முத்து ஐதராபாத்துல இருந்து வருது. வேணும்னா வாங்கிக்கோ" என்பதை அவருடைய தோணி இங்கிலீஷில் சொல்வார். இளவட்டத்தில் மாலத்தீவுக்கு வெங்காயம் ஏற்றிப்போகும் தோணிகளில் இருந்தவர். அந்த இங்கிலீஷில் வினைச்சொற்கள் குறைவு, சைகை அதிகம். அதை வைத்துக்கொண்டு உலகத்தில் யாரோடும் பேசிவிடுவார்.

அவர் மனைவி ரீசார்ஜ் போட வருகிறபோது என் முன்னால் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். "கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல இருந்து வீடு வரைக்கும் இந்த மனுசன் முதுகைப் பாத்துக்கிட்டேதான் நடந்தேன். நடுவுல நான் எங்க அம்மா வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தாகூட ராத்திரி சாப்பிடும்போதுதான் இவருக்குத் தெரிஞ்சிருக்கும்" என்பாள். சொல்லும்போது அவள் முகத்தில் கோபம் இருக்காது.

அந்தக் கப்பல் வந்த பிறகுதான் இதெல்லாம் மாறியது.

சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பவேண்டிய கப்பல் அது. ஏதோ வழக்கு என்றார்கள். முதலாளி கைகழுவிவிட்டு எங்கோ மறைந்துவிட்டான். கப்பலைக் கொண்டுபோய் வெளியே கடலில் நங்கூரம் போட்டு நிறுத்திவிட்டார்கள். அதில் இருந்தவர்கள் இறங்கக்கூடாது, ஊருக்குள் வர அனுமதிச் சீட்டும் கிடையாது. கடற்கரையில் நின்று பார்த்தால் கப்பல் தெரியும். எங்கள் ஊர் டவர் சிக்னல் அங்கே வரை எட்டும். அவ்வளவு பக்கம்.

கப்பல்காரர்களுக்கு உதவி செய்கிற ஒரு சர்ச் சாமியார் அரிசி, காய்கறி, தண்ணீர் எல்லாம் படகில் அனுப்ப ஏற்பாடு செய்தார். வாங்கிக் கொடுக்கிற வேலை அண்ணாச்சிக்கு. கப்பலில் சமையல்காரனாக இருந்தவன் பிலிப்பைன்ஸ்காரன், பெயர் ஜோஜோ. காய்கறியைப் பார்த்துத்தான் வாங்குவேன் என்று போனில் அடம்பிடித்திருக்கிறான். அண்ணாச்சி என் கடைக்கு வந்து போனை நீட்டினார்.

"ஏளா, இதுல வீடியோவுல எப்படிக் காட்டணும்? சமையக்காரனுக்குக் கத்திரிக்காயப் பாக்கணுமாம். மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரில்லா பேசுதான்."

நான் போட்டுக் கொடுத்தேன். இவர் போனைத் தனக்கு முன்னால் விளக்கு மாதிரி பிடித்துக்கொண்டு மார்க்கெட்டுக்குள் போனார். அரை மணி நேரத்தில் திரும்பி வந்தவரின் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"கத்திரிக்காயப் பாக்கவே இல்லளா அவன். வாற வழியில ஒரு வேப்பமரம் நிக்குல்லா, அதக் காட்டச் சொன்னான். பிறகு ஒரு நாயி. பிறகு ஒரு பொம்பள பிள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டுப் போனா, அவ பின்னாலயே போகச் சொன்னான். எனக்கு அடி வாங்கிக் குடுத்துருவான் போல."

அதிலிருந்து தினமும் சாயங்காலம் ஜோஜோவுக்குப் பஜார் காட்டுவது அவருக்குப் பிழைப்பை விட முக்கியமாகிவிட்டது. ஆத்தூர் வெற்றிலைக் கட்டுகளைத் தண்ணீர் தெளித்து அடுக்குவது, கருவாட்டுக் கடையில் ஈ ஓட்டுவது, பரோட்டாவை எண்ணெயில் போட்டுப் பொரிப்பது, கயிற்றுக்கடை, வலைக்கடை, பாத்திரக்கடை எல்லாவற்றையும் காட்டினார். எண்ணெயில் பொரிந்த பரோட்டாவைப் பார்த்து அவன் கைதட்டியதை நானே கேட்டேன். சமையலறையை அவன் ஊரில் 'குசினா' என்பார்களாம். அண்ணாச்சியைப் போன்ற கடற்கரைக்காரர்கள் வீட்டில் அது குசினி. "நம்ம சொந்தக்காரப் பயதாம்ளா" என்று அன்றைக்கு முழுவதும் எல்லாக் கடையிலும் சொல்லிக்கொண்டு போனார்.

"என்னை முந்தி நடக்கிற ஒரே ஆளு இவன்தான். தொலையவே மாட்டான்" என்று பெருமைப்பட்டார்.

தினமும் பேச்சு முடிகிறபோது ஒன்று சொல்வார். "யூ கம். ஐ டேக். வாக்கிங், ஃபுல் பஜார்." அந்தப் பக்கத்திலிருந்து, "யெஸ் பிரதர். ஐ கம்" என்று பதில் வரும். சும்மா சொல்லிக்கொள்வதாக நினைத்தேன். இரண்டு பேருமே அதை உண்மையாகத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

ஜோஜோவுக்கு ஒரு மகள். புதுநன்மை வாங்குகிற வயது, அதாவது சர்ச்சில் முதல் தடவையாக நற்கருணை வாங்குவது. எங்கள் பக்கம் வேதக்கார வீடுகளில் அது கல்யாணத்துக்கு அடுத்த விசேஷம். அந்தப் பிள்ளை, அப்பா வராமல் நான் புதுநன்மை வாங்கமாட்டேன் என்று சொல்லி, கூட்டாளிப் பிள்ளைகள் எல்லாம் வாங்கியபோது ஒதுங்கி நின்றுவிட்டது. அடுத்த வருஷம் என்று தள்ளிப்போட்டார்கள். ஜோஜோ போனில் அழுதிருக்கிறான். பிறகு, அன்றைக்குப் பிள்ளை போடுகிற வெள்ளைச் சட்டையை இந்தப் பஜாரில்தான் எடுப்பேன், நானே கையில் கொண்டுபோவேன் என்றிருக்கிறான்.

சட்டை பார்க்க என்னையும் கூட்டிப்போனார். வெள்ளைக் கவுன்கள் தொங்குகிற கடை. ஜோஜோ அங்கிருந்து லேஸ் வேண்டும், முழுக்கை வேண்டும், முத்து தைத்தது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளினான். பிள்ளை எவ்வளவு உயரம் என்று கடைக்காரம்மா கேட்டதற்குத் தன் இடுப்புக்கு மேலே கையை வைத்துக் காட்டினான். அவனே எவ்வளவு உயரம் என்று எங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தன் பிள்ளையைப் பார்த்து ஒரு வருஷத்துக்கு மேல். கடைசியில் வயசைச் சொல்லி வாங்கினோம்.

"கொரியர்ல அனுப்பிரலாம் அண்ணாச்சி. நானே போட்டுத் தாரேன்" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்பன் கையால குடுக்கிறதுளா அது. கருவாட்டுப் பார்சலா?"

காய்கறியோடு படகில் அனுப்பினால் நனைந்துவிடும் என்று சட்டையை அவர் வீட்டு பீரோவில் வைத்துக்கொண்டார். ஜோஜோ இறங்கி வந்ததும் முதலில் பஜார், பிறகு அவர் வீட்டில் சாப்பாடு, பிறகு சட்டை. என்ன குழம்பு என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டார். இறங்க விடுகிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

அண்ணாச்சி போகாத ஆபீஸ் இல்லை. கப்பல் ஏஜெண்டைப் பார்த்தார், கட்சிக்காரர்களைப் பார்த்தார், சாமியாரைப் பார்த்தார். சாமியார் பாவம், அவரும் இதையேதான் செய்துகொண்டிருந்தார். எல்லாரும் மேலே பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். அந்த மேலே எங்கே இருக்கிறது என்று கேட்டால் ஒருவர் சென்னையைச் சொல்வார், ஒருவர் டெல்லியைச் சொல்வார். யாரோடும் பேசிவிடுகிற மனிதருக்குப் பேச ஆள் இல்லாமல் போயிற்று.

காற்றுக்காலம் வந்தது. படகு போக முடியாமல் இரண்டு தடவை காய்கறி மூட்டைகள் கரையிலேயே வாடின. ஜோஜோவின் பேச்சு குறைந்துகொண்டே போனது. முன்பெல்லாம் அங்கே போ, இங்கே போ என்பான். பிறகு பஜாருக்குள் போகச் சொல்வதையே விட்டுவிட்டான்.

ஒரு நாள் சாயங்காலம் அண்ணாச்சி நடுரோட்டில் போனை நீட்டியபடி அசையாமல் நிற்பதைப் பார்த்தேன். இரண்டு பக்கமும் வண்டிகள் ஹாரன் அடித்தன. லோடு ஆட்டோக்காரன் ஒருவன் கெட்ட வார்த்தையில் திட்டிவிட்டுப் போனான். ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடுளா. அவன் பாத்துக்கிட்டு இருக்கான்" என்றார் மெதுவாக.

போனில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பக்கம் ஜோஜோவின் மூச்சு மட்டும் கேட்டது. நீட்டிய கையை அண்ணாச்சி இறக்குகிற மாதிரி இல்லை. நான் அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் வீட்டுக்குப் போய் அம்மாவோடு சண்டை போட்டேன்.

அப்புறம் ஒரு காலையில், நான் கடையின் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, கையில் சட்டைப் பெட்டியோடு ஓடிவந்தார்.

"விட்டுட்டாம்ளா! இன்னைக்கு ஊருக்கு அனுப்புதான்! வண்டியை எடு!"

கோர்ட்டில் உத்தரவாகிவிட்டது, கப்பலைக் காவல் காக்க வேறு ஆட்களை ஏற்றியாயிற்று. இவர்களைப் படகில் துறைமுகத்துக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து வேனில் நேராகத் திருவனந்தபுரம் விமான நிலையம். நடுவில் எங்கும் இறக்கமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்குப் புதுநன்மை. ஜோஜோ போனில் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சொன்னானாம். பஜார் போனால் போகட்டும், சாப்பாடு போனால் போகட்டும், சட்டை மட்டும் அவன் கைக்குப் போய்விட்டால் போதும் என்று அண்ணாச்சி என் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார்.

துறைமுக வாசலில் உள்ளே விடவில்லை. ஏஜெண்டின் ஆள் ஒருவன் கையில் பைலோடு வெளியே வந்தான். சின்னப் பையன், என் தம்பி வயது இருக்கும். அண்ணாச்சி அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ஒரே ஒரு பொட்டி. சின்னப் பிள்ளை சட்டை. வேணும்னா தொறந்து பாரு."

"செக்கிங் முடிஞ்சிட்டு அண்ணாச்சி. இனி வெளிய இருந்து எதையும் வாங்கிக் குடுக்கக்கூடாது. என் வேலை போயிரும்."

"வேனை ஒரு நிமிசம் நிப்பாட்டச் சொல்லு."

"அது என் கையில இல்ல."

அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் கையில் நிஜமாகவே ஒன்றும் இல்லை.

வாசலுக்குப் பக்கத்தில் லாரி டிரைவர்கள், சுமை தூக்குகிறவர்கள், டீ குடிக்கிறவர்கள் என்று நிறையப் பேர் நின்றார்கள். வேன் போகும்போது கையாவது காட்டலாம் என்று ரோட்டோரம் போய் நின்றோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அண்ணாச்சி, உங்க மூஞ்சி ஜோஜோவுக்குத் தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். இத்தனை நாளும் கேமராவைப் பஜார் பக்கம் மட்டும்தான் காட்டியிருக்கிறார். ஒரு நாள்கூடத் தன் பக்கம் திருப்பியதில்லை.

"பஜாரைத்தான பாக்கக் கேட்டான். என் மூஞ்சியில என்னளா இருக்கு?" என்றார். சொல்லிவிட்டுச் சுற்றி நின்ற ஆண்களை ஒரு தடவை பார்த்தார். எல்லாரும் அவரைப் போலவேதான் இருந்தார்கள்.

வேன் வாசலைத் தாண்டியது. அவர் பெட்டியைக் கிழித்தார். உள்ளே இருந்த வெள்ளைக் கவுனை எடுத்து உதறி, இரண்டு தோளையும் இரண்டு கையால் பிடித்துத் தனக்கு முன்னால் உயரத் தூக்கினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். வேனின் கண்ணாடி கறுப்பு. உள்ளே திரை வேறு. எனக்கு ஒருவரும் தெரியவில்லை. புழுதியைக் கிளப்பிவிட்டு அது போய்விட்டது.

கவுனைத் தூக்கிப் பிடித்தபடியே அவர் ரோட்டில் பின்னாலேயே ஓடினார். அந்த வயதில், அந்த உடம்போடு. நான் ஸ்கூட்டியைக் கொண்டுபோய் ஏற்றிக்கொண்டேன். துரத்தினோம். முன்னால் லாரி, பின்னால் லாரி. என் வண்டி எவ்வளவு முறுக்கினாலும் ஒரு வேகத்துக்கு மேல் போகாது. உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில் வேன் கண்ணில் இருந்தே மறைந்துவிட்டது. ஓரமாக நிறுத்தினேன்.

போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"பிரதர்! ஐ ஸீ டிரெஸ்! ஐ ஸீ!" ஜோஜோ கத்தினான். பின்னால் யாரெல்லாமோ சிரிக்கிற, பேசுகிற சத்தம். அத்தனை பேரும் ஊருக்குப் போகிறார்கள்.

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது. "யெஸ்! யெஸ்! மை டிரெஸ்! ஐ ஹோல்டிங்!"

"டிரெஸ் வெரி நைஸ், பிரதர். பட் யூ பிஹைண்ட் டிரெஸ். யுவர் ஃபேஸ், ஐ நோ ஸீ."

"நோ பிராப்ளம். ஃபேஸ் நத்திங். டிரெஸ் குட்?"

ஜோஜோ குரலைத் தாழ்த்திக்கொண்டு, வருத்தப்படக்கூடாதே என்கிற மாதிரி சொன்னான். "குட். ஸ்மால், பிரதர். ஐ திங்க் ஸ்மால். மை டாட்டர் நவ் பிக்."

லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அண்ணாச்சி கவுனைத் தன் நெஞ்சுக்கு மேல் வைத்துக் குனிந்து அதன் நீளத்தைப் பார்த்தார். "ஓகே, ஓகே. நோ பிராப்ளம். ஐ சேஞ்ச்" என்றார். அதற்குள் சிக்னல் விட்டுப்போயிற்று. ஹலோ ஹலோ என்று கொஞ்ச நேரம் சொல்லிப் பார்த்தார்.

பிறகு கவுனில் ஒட்டியிருந்த புழுதியைத் தட்டினார். கிழிந்த பெட்டியில் அதை மடித்து வைக்கப் பார்த்தார், முடியவில்லை. என்னிடம் கொடுத்தார். நான் மடித்து வைத்தேன்.

"சின்னதாம்ளா" என்றார். "வண்டியை எடு. கடை இப்பந்தான் தொறந்திருப்பான். போயிப் பெருசா ஒண்ணு மாத்திட்டு வந்துருவோம்."

வாங்கி ஒரு வருஷம் ஆகப்போகிறது. எந்தக் கடைக்காரர் மாற்றித் தருவார்? தந்தாலும் போய்விட்ட வேனை எங்கே பிடிப்பது? அவர் பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டார். நான் வண்டியைப் பஜார் பக்கம் திருப்பினேன்.